அடித்தொட்டி

மங்கையர்க்கரசி வியாழனைச் சுற்றிவிட்டு இறங்கி வந்தபோது குக்கர் ஆறிப்போயிருந்தது. பருப்பு குழைந்ததா என்று அவள் பார்க்கவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து சுவரில் ஓடிக்கொண்டிருந்த தரவரிசையைத்தான் பார்த்தாள். முதலிடம் நிறைமதி, பாளையங்கோட்டை. இரண்டாமிடம் மங்கையர்க்கரசி, பாளையங்கோட்டை. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே வீடு. நிறைமதி மாடியில் குடியிருந்தாள். மங்கையின் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது ஓரகத்தி.

எங்கோ ஓஸ்லோவில் இருக்கிற எவளோ ஒருத்தி ஜெயித்திருந்தால் மங்கை பொறுத்துக்கொண்டிருப்பாள். படியிறங்கி வந்து, "அக்கா, ரெண்டு கொத்து கறிவேப்பிலை இருக்கா?" என்று கேட்கிறவள் ஜெயித்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதிலும் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கப்பலின் மூக்கு எது, வால் எது என்று தெரியாமல் விழித்தவள் மதி. உட்காரவைத்து, கையைப் பிடித்து, ஈர்ப்பு என்றால் என்ன, எப்போது எஞ்சினை எரிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே மங்கைதான். அந்த நாளை நினைத்தால் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

விண்ணோட்டம் என்ற அந்த விளையாட்டு வந்தபின் ஊரில் பாதிப் பேர் பூமியில் இல்லை. வாராவாரம் ஒரு சவால் வரும். எஞ்சினைத் தொடாமல் நிலவைச் சுற்றி வா. ஒரு குடம் எரிபொருளில் செவ்வாய்க்குப் போ. அது போதாதென்று ஆட்டக்காரர்கள் தாங்களாகவும் கிறுக்குப் பிடித்ததுபோல் சோதனைகள் செய்வார்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் கால்களைக் கழற்றிவிட்டுக் கப்பலை மூக்கால் தரையிறக்கக் கிளம்பி, செவ்வாயெங்கும் பள்ளம் பறித்துவைத்திருந்தார்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்காக இருந்தவரை யாரும் யாரையும் பார்த்துப் புழுங்கவில்லை. ஓட்டுமனம் வந்தபிறகுதான் வினை பிடித்தது. வியாழன் பக்கம் போகும் நிஜக் கப்பலைப் பூமியிலிருந்து ஓட்ட முடியாது. 'பிரேக் போடு' என்று இங்கிருந்து அனுப்பும் சொல் அங்கே போய்ச் சேர அரை மணிக்கும் மேலாகும்; அதற்குள் கப்பல் எங்காவது முட்டிச் சிதறியிருக்கும். அதனால் ஆழ்விண் வாரியம் ஒரு வழி கண்டது. நல்ல ஆட்டக்காரரின் கைப்பழக்கத்தையும் அவசர புத்தியையும் நிதானத்தையும் அந்த விளையாட்டே வருடக்கணக்கில் கூட இருந்து உறிஞ்சி ஒரு மனமாக வார்த்துவைத்திருக்கிறதல்லவா? அந்த மனத்தை அப்படியே கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அந்த மனத்துக்கு உடையவர் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பார். அவருடைய ஓட்டுமனம் சனிக்கு இரும்பு ஏற்றிக்கொண்டு போகும். கப்பலின் விலாவில் அவர் பெயரை எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ., எம்.ஏ.வுக்குப் பக்கத்தில் 'ஓட்டுமனத்தார்' என்று போட்டுக்கொள்கிற காலம் வந்துவிட்டது.

இதுவரை போனவை எல்லாம் சரக்குக் கப்பல்கள். இப்போதுதான் முதன்முறையாக மனிதர்கள் போகிறார்கள், வியாழனின் நிலாவான யூரோப்பாவுக்கு. பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி எழினி, பனிப்பாறை ஆராய்ச்சிக்காரி, மங்கையின் ஒரே மகள்.

அந்தக் கப்பலை ஓட்டப்போவது யாருடைய மனம் என்று தீர்மானிக்க ஒரு கடைசிச் சவால் நடக்கும் என்று வாரியம் அறிவித்திருந்தது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை. பெற்றவள் நான் இருக்கும்போது என் பிள்ளையை அவள் கொண்டுபோவதா? இந்த ஒரு கேள்வி மங்கையைத் தின்றுகொண்டிருந்தது.

"எழினி, ஒன்னை நாந்தான் கொண்டுபோவேன், பாத்துக்கோ" என்றாள் ஒருநாள், மகளுக்குத் தோசை வார்த்தபடி.

"யாரு கொண்டுபோனா என்னம்மா? நீன்னா நீ, சித்தின்னா சித்தி. ரெண்டு பேரும் நம்ம வீடுதானே."

"சித்தியாம் சித்தி" என்று மங்கை தோசையைத் திருப்பிய வேகத்தில் அது பாதியாகக் கிழிந்தது.

மதி ஜெயிக்கும் சூட்சுமம் என்ன என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மங்கை கிளம்பினாள். மதியின் பழைய ஓட்டங்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். அவள் கைவைத்த இடத்தில் கைவைத்து, எரித்த இடத்தில் எரித்து, மூச்சுவிட்ட இடத்தில் மூச்சுவிட்டு, அச்சு அசலாகப் பறந்தாள். அப்படியும் கொஞ்சம் பின்தங்கினாள். கடைசிக் கட்டத்தில், இன்னும் எரி என்று அவள் கை சொல்லும்போது எஞ்சின் நின்றுவிடும். தொட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும், ஆனால் திறக்காது. கப்பல் என்றால் அப்படித்தான் போல என்று இத்தனை வருடமாக அவள் நினைத்திருந்தாள். மதியின் கப்பலிலோ தொட்டி சொட்டுச் சொட்டாகக் காலியாகும்வரை எரிந்தது.

இரண்டு கப்பலும் ஒன்று, பாதை ஒன்று, கையசைவு ஒன்று. அப்படியானால் எது வேறு?

மறுநாள் காபி கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனாள். மதி விளையாட்டுக்கென்று ஒதுக்கியிருந்த பறப்பறையின் கதவைச் சாத்தப்போன நேரம்.

"வச்சிட்டுப் போங்கக்கா, வந்து குடிக்கேன். வாரேன்" என்று சொல்லிவிட்டு மதி கதவைச் சாத்தினாள்.

டம்ளரும் கையுமாக மங்கை அங்கேயே நின்றாள். வாரேன். அவ்வளவுதான் சொன்னாள். மங்கை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவள் பழக்கம் வேறு. இருக்கையில் உட்கார்ந்து வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு, அடுக்களைப் பக்கம் திரும்பி, வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "போயிட்டு வாரேன்" என்று குரல்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

விண்ணோட்டத்தில் கட்டளைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஆட்டக்காரர் எதைச் சொன்னாலும், அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்து அதுவே ஒரு பொருள் பிடித்துக்கொள்ளும். நம் ஆட்கள் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் இருக்கையில் விழுகிறவர்கள், அவர்களுக்குத் தொந்தரவில்லை. மங்கையோ முதல் நாளிலிருந்து போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன் என்று சொல்லியிருக்கிறாள். எந்திரத்துக்கு நம் மரியாதையும் மங்கலமும் என்ன தெரியும்? போக வேண்டும், திரும்பியும் வர வேண்டும் என்று உத்தரவாகவே எடுத்துக்கொண்டது. திரும்புவதற்கான எரிபொருளை அடித்தொட்டியில் தள்ளி, அவளுக்கே தெரியாமல் பூட்டிவைத்தது; சவால் முடிந்து அவள் எழுந்துபோனபிறகு அதை எரித்துக் கப்பலைத் தானாக வீடு திரும்பவைத்தது. 'வாரேன்' என்றால்? இதோ அங்கே வருகிறேன் என்று பொருள். வந்து சேர்ந்தால் போதும், மிச்சம் எதற்கு?

இதை ஊகித்ததும் மங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. இத்தனை தோல்வியும் ஒரு நல்ல பழக்கத்தால் வந்ததா?

அன்றைக்கே சோதனையைத் தொடங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். "கெளம்புதேன்" என்றால் கப்பல் கிளம்பியது, எங்கே போவது என்று தெரியாமல் நிலவைச் சுற்றிக்கொண்டு நின்றது. "பாப்போம்" என்று சொன்னதற்கு ஒவ்வொரு கோளாக நின்று நின்று வேடிக்கை பார்த்தது. "வரட்டுமா?" என்று கேட்டதுதான் தமாஷ்; எஞ்சின் பற்றவே இல்லை. யாராவது 'சரி, வா' என்று சொல்லட்டும் என்று அது காத்துக்கொண்டிருந்தது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வாரேன்" என்றாள். அடித்தொட்டி திறந்தது. மதி சேர்ந்த அதே நொடிக்கு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

சமம். ஆனால் சமமாக வந்து யாருக்கு லாபம்? சமமென்றால் பழைய தரவரிசையைப் பார்ப்பார்கள், மதியைத்தான் எடுப்பார்கள்.

இன்னொரு சொல் பாக்கியிருந்தது. அது அவள் வாயில் வர மறுத்தது. அந்த வீட்டில் பால் வாங்கப் போகிறவன்கூட அப்படிச் சொல்லிவிட்டுப் படி இறங்கியதில்லை. சின்ன வயதில் அவளே ஒருமுறை கோபத்தில் சொல்லிவிட்டு, திரும்ப உள்ளே அழைக்கப்பட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் இது விளையாட்டுத்தானே? நிஜத்திலா சொல்கிறோம்? மங்கை கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லையென்றாலும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போறேன்."

கப்பல் அதுவரை அவள் கண்டிராத வேகத்தில் பாய்ந்தது. அடித்தொட்டியை மட்டுமல்ல, தரையிறங்கியபின் கூடாரத்துக்குச் சூடேற்ற வைத்திருந்த எரிபொருளையும் எடுத்து எரித்தது. திரும்பும் கலத்தைச் சுமை என்று கழற்றி எறிந்தது. மதியின் நேரம் எங்கோ பின்னால் நின்றது. மங்கைக்குக் காது வரை சூடேறியது. நிஜக் கப்பலில் பழையபடி நல்ல சொல் சொல்லிக்கொள்ளலாம், முதலில் ஜெயிக்கட்டும் என்று முடிவுசெய்தாள். நிஜக் கப்பலில் சொல்லப்போவது தான் இல்லை, தன்னிடம் கற்றுக்கொண்ட ஓட்டுமனம் என்பதை அவள் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

கடைசிச் சவாலின் வாசகம் சின்னதாக இருந்தது: பன்னிரண்டு பேரை யூரோப்பாவில் பத்திரமாக இறக்குக, விரைவே வெற்றி. மங்கை கீழே உட்கார்ந்தாள், மதி மாடியில் உட்கார்ந்தாள். வழிநெடுக மங்கை முன்னால் வியாழனைப் பார்த்ததைவிடப் பக்கத்தில் மதியின் புள்ளி எங்கே நகர்கிறது என்று பார்த்ததுதான் அதிகம். அந்தப் புள்ளி பின்தங்கப் பின்தங்க அவளுக்குப் பால்பாயசம் குடித்ததுபோல இருந்தது. பன்னிரண்டு பொம்மைகளையும் ஒரு கீறல் இல்லாமல் இறக்கினாள். வெளியே வந்து கூடத்துச் சுவரைப் பார்த்தாள். முதலிடம் மங்கையர்க்கரசி.

மதி படியிறங்கி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பிடிக்கா? சொல்லவே இல்லையே! அசத்திட்டியோ."

"எல்லாம் பழக்கந்தான்" என்றாள் மங்கை. அன்று இரண்டு கொத்து கறிவேப்பிலையை அவளாகவே மாடிக்குக் கொடுத்தனுப்பினாள்.

வாரியத்திலிருந்து தேவசகாயம் என்ற அதிகாரி நேரில் வந்தார். கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மங்கை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவர் காபியை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

"கப்பலை நிறைமதியம்மா ஓட்டுவாங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மங்கைதான் முதலில் பேசினாள். "சார், முதல்ல வந்தது நானு. மாத்திச் சொல்லுதீயோ."

"நீங்கதாம்மா முதல்ல வந்தீங்க. வேகம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல. எத்தனையோ பேர் வேகமா போவாங்க. ஆளை இறக்கினப்புறம் தொட்டியில என்ன மிச்சம் இருக்குன்னுதான் பாத்தோம்."

"அப்படின்னு சவால்ல சொல்லலையே?"

"சொன்னா எல்லாருமே மிச்சம் வைப்பாங்களேம்மா. சொல்லாமலே வைக்கிறவங்களைத்தான் தேடினோம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "நெஜத்தச் சொல்லணும்னா உங்களத்தான் தேடி வச்சிருந்தோம். இத்தனை வருசமா அத்தனை ஓட்டத்துலயும் திரும்பி வர்றதுக்கு எடுத்துவச்ச ஒரே ஆள் நீங்கதான். உங்க மகள் அதுல போறாங்கன்னதும் இன்னும் சந்தோசப்பட்டோம். கடைசிச் சவால் சும்மா ஒப்புக்குத்தான். எப்பவும் போல பறந்திருந்தா போதும்."

மங்கைக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"இனிமே பழைய மாதிரி பறந்து காட்டட்டுமா?"

"காட்டலாம்மா. ஆனா நெருக்கடின்னு வந்தா அது எந்தச் சொல்லை எடுக்கும்னு இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே" என்று சொல்லி, அவர் கையிலிருந்த கருவியைத் தட்டினார். மங்கையின் குரல் கூடத்தில் கேட்டது. தாழ்ந்த குரல்தான், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. போறேன்.

எழினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட மங்கை தாங்கியிருப்பாள். அவள் புரியாமல் பார்த்தாள். கப்பலில் உட்காரப்போகிறவள் அவள்தான்.

"நிறைமதியம்மா எப்பவும் மிச்சமே வைக்கமாட்டாங்க. இந்த ஒரு தடவை பாதித் தொட்டியை அப்படியே வச்சிருக்காங்க" என்று அவர் மறுபடியும் தட்டினார். மாடிக் குரல் வந்தது: போயிட்டு வாரேன். "ஏம்மா மாத்துனீங்க?"

மதி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். தப்புச் செய்து அகப்பட்டவள் மாதிரி அவள் முகம் சிவந்துபோனது.

"மாத்தணும்னு ஒண்ணும் நெனைக்கல சார். எழினி போற கப்பலாச்சேன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்தேன். வாயில அப்பிடித்தான் வந்துச்சு."

மங்கை வாழ்க்கையில் எத்தனையோ முறை மதியிடம் தோற்றிருக்கிறாள். அவ்வளவும் இந்த ஒரு பதிலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. பெற்றவள் இருக்கையில் உட்கார்ந்து ஓரகத்தியை நினைத்திருக்கிறாள். ஓரகத்தி உட்கார்ந்து பிள்ளையை நினைத்திருக்கிறாள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வெட்கத்தின் நடுவிலும் இதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்று ஒரு எரிச்சல் எட்டிப் பார்த்தது என்றால், மனித மனத்தை என்ன சொல்ல?

கப்பல் போயிற்று. கடற்கரை ஏவுதளத்தில் கூட்டம் கூட்டமாக வந்து மதிக்கு மாலை போட்டார்கள். மங்கை பக்கத்தில் நின்று சிரித்தாள். தன் மகள் திரும்பி வருவது இனி அந்தக் கை பிசகாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்பதால், மதி தோற்க வேண்டும் என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்ட அதே முருகனிடம், மதி ஜெயிக்க வேண்டும் என்று மனுவை மாற்றிப் போட்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஓட்டுமனத்தில் ஒரு சங்கடம் இருந்தது. உடையவர் தினமும் பறந்தால்தான் அது துருப்பிடிக்காமல் இருக்கும். அதனால் மதி இங்கே பறக்கப் பறக்க, அன்றன்றைக்கு அவள் கை இருக்கிற இருப்பை வாரியம் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. போகவர நாலு வருடமும் இப்படித்தான்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி வந்து, "ஒங்க வீட்டுக்கே மதியாலதான் பேரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மங்கை கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசைபட வைத்து, "ஆமா, இந்த வீட்டுல மத்தவங்கள்லாம் புல்லுதானே புடுங்குதோம்" என்று மட்டும் சொன்னாள். மதி கேட்டுக்கொண்டே மாடியேறிப் போய்ப் பறந்தாள்.

மறுநாள் தேவசகாயம் மங்கையைத் தொலைபேசியில் அழைத்தார். "வீட்டுல ஏதும் மனவருத்தமாம்மா? நேத்து கப்பல் லேசா ஆடுச்சு. இப்ப ஒண்ணுமில்ல, சரியாயிட்டு. இருந்தாலும் பாத்துக்கோங்க."

அன்றிலிருந்து மாடிக்கு வேளை தவறாமல் காபி போகிறது. மாடித் துணியைக் கீழே துவைக்கிறார்கள். மதியின் புருஷன் அவளிடம் குரலை உயர்த்தினால் மங்கை போய்க் கொழுந்தனைத் திட்டிவிட்டு வருகிறாள். அக்கம்பக்கத்தார், ஓரகத்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தங்கள் வீட்டு மருமகள்களுக்குக் காட்டிப் பேசுகிறார்கள்.

"நல்லா தூங்குனியா மதி? மேலுக்கு ஒண்ணுமில்லையே? காபில சீனி போதுமா?"

"போதும்க்கா." மதி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டியளே? நீங்க எனக்காவ சிரிக்கியோ. ஆனா அது வாயோட நிக்கி. அதப் பாத்தா எனக்குக் கையி ஒரு மாதிரி ஆவுது. கப்பலுக்கும் அப்பிடித்தான் ஆவும்லா? பேசாம மனசுக்குள்ள இருக்கிறத விட்டுருங்களேன். நானும் ஒங்களப் பாத்துப் புழுங்குனவதான். நம்ம கப்பலு போன எடத்துலயே கெடக்கு, அக்கா கப்பலு மட்டும் எப்பவும் வீட்டுக்கு வந்துருதேன்னு எத்தன நாளு பொருமியிருப்பேன்! இப்ப அத விட்டுட்டேன்."

"எப்பிடி விட்ட?"

"தெரியலக்கா. விட்டுட்டேன், அவ்வளவுதான்."

எழினி வீடு வந்து சேர இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. மங்கை தினமும் காலையில் எழுந்து, பல் தேய்ப்பதற்கு முன்னால், பொறாமைப்படாமலிருக்கப் பயிற்சி செய்கிறாள். முன்பு இருந்ததற்கு எவ்வளவோ தேவலை என்று அவளே சொல்கிறாள். ஆனால் அதிலும் மதிதான் முதலில் வந்துவிட்டாள் என்பது நினைவுக்கு வரும்போது மட்டும், அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.